களியிலிருந்து மோர் வரை

டீச்சரம்மா,

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தெட்டாவது வயதில், மீசை வைத்த ஆண்பிள்ளையாகிய நான், கதவைச் சாத்திக்கொண்டு என் மனைவி பாவாயி கையால் ஊட்டிய சோற்றைத் தின்றேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, நாலு மாசம். "ஆ காட்டுங்க" என்பாள். காட்டுவேன். ஒரு தடவை ஜன்னலில் காக்கை வந்து உட்கார்ந்தபோது, பழைய பழக்கத்தில், "அதோ பாருங்க காக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நான் திரும்பிப் பார்த்தேனே, அதுதான் அவமானம்.

இன்று காலை பாவாயி களி கிண்டுகிற நேரத்தில் அடுத்த வீட்டுக்காரியிடம் ஏதோ வம்பு கேட்கப் போய்விட்டாள். களி அடிப்பிடித்துவிட்டது. ராகி மாவு காந்திய வாசனை வீடு முழுக்கச் சுற்றி என் மேஜைக்கு வந்து நின்றது. ஆஸ்பத்திரி என்றால் மற்றவர்களுக்கு டிங்சர் வாசனை, எனக்கு இதுதான். போன மாசம் சந்தையில் உங்கள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைப் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, "டீச்சரம்மா போயிட்டாங்க, ரைட்டரே. மூணே நாள் காய்ச்சல்" என்றார். நான் அழவில்லை. என்ன கிழமை, பக்கத்தில் யார் இருந்தார்கள், நீர் நேரில் பார்த்தீரா, கேள்விப்பட்டீரா என்று குறுக்கு விசாரணை செய்தேன். மனிதர் பாதிக் கத்தரிக்காயை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். என் புத்தி அப்படி. எதையும் நம்ப எனக்கு நாள் பிடிக்கும். இன்று அந்தக் காந்தல் வாசனையில்தான் நம்பினேன்.

நாமக்கல் பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான் என்று முதல் நாளே உங்களிடம் பெருமையாகச் சொன்னேன். சந்தேகம் எங்கள் தொழிலுக்கு மூலதனம். நிலத்துக்கு நாலு எல்லை சொன்னால் ஐந்தாவது எங்கே என்று தேடுகிறவன் நல்ல ரைட்டர். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம், வைகாசியில் ஒரு நாள் காலை, வீட்டுக்குள் உட்கார்ந்து, "மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை" என்று எழுதிக்கொண்டிருந்தேன். 'வில்லங்கம்' வரை கை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பேனா தானாகக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போன நானும் விழுந்தேன். வலது கையும் வலது காலும் போயிற்று. வாய் மட்டும் தப்பித்தது. நான் பிழைத்தேன், ஊர் பிழைக்கவில்லை என்று பாவாயி சொல்வாள்.

அது மட்டும் என்றால் கிடந்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அப்போதுதான் என் மகள் சரசுவுக்கு எடப்பாடிப் பக்கம் ஒரு நல்ல இடம் பேசி முடிக்கிற நிலையில் இருந்தது. தை பிறந்ததும் எங்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றி, பந்தி போட்டு, நிச்சயம் செய்வதாகப் பேச்சு. பெண்ணின் அப்பனுக்கு வாதம் என்று தெரிந்தால் அந்த இடம் நிற்குமா? "வாதம் ரத்தத்துல ஓடுமுங்க" என்று சொல்ல ஊருக்கு ஒரு ஆள் இருக்கிறான். அந்த வேலையை நானே எத்தனை வீட்டுக்குச் செய்திருக்கிறேன்! எனவே நாங்கள் மறைத்தோம். நான் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பாவாயி ஒரு பதில் தயார் செய்தாள். "அவருக்கு மூலமுங்க. வைத்தியத்துக்குப் போயிருக்காரு." வாதத்துக்குப் பதிலாக மூலத்தை எனக்குக் கொடுக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதற்கு, "மூலத்தை யாரு போய்ப் பார்த்துட்டு வரப் போறாங்க?" என்றாள். வாதம் செய்ய முடியாத வாதம்.

எண்ணெய்க் கட்டுக்காரர்கள் இரண்டு பேர் என்னை மாறி மாறிப் பிழிந்து முடித்த பிறகு, ஆவணியில் ஒரு நாள் வண்டி கட்டி சேலம் சாலையில் இருக்கிற உங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து போட்டார்கள். வெள்ளைக்கார டாக்டரம்மா என் முழங்காலில் சுத்தியால் தட்டிப் பார்த்துவிட்டு, மருந்து எழுதாமல், பின்கட்டில் இருந்த ஓட்டுக் கொட்டகைக்குப் போகச் சொன்னார். அங்கேதான் நீங்கள். வெள்ளைச் சேலை; மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் நூல் போட்டுக் கட்டியது. ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து, அதனாலேயே டீச்சரம்மா ஆனவர் என்று பாவாயி அரை மணியில் விசாரித்து வந்துவிட்டாள். அந்தக் கொட்டகைக்கு டாக்டரம்மா ஏதோ நீளமான இங்கிலீஷ் பேர் சொன்னார். அதில் 'ஆக்குபேஷன்' மட்டும் எனக்குப் புரிந்தது. தொழில். எனக்குத்தான் தொழில் இருக்கிறதே, இவர்கள் எதைப் பழக்கப் போகிறார்கள் என்று உள்ளே பார்த்தேன். சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் வரிசையாக நாதாங்கி, தாழ்ப்பாள், கொக்கி, திண்டுக்கல் பூட்டு ஒன்று. டீச்சரம்மா, சத்தியமாகச் சொல்கிறேன், கன்னம் வைக்கக் கற்றுக்கொடுக்கிற இடம் என்றே நினைத்தேன்.

நீங்கள் நாடி பிடிக்கவில்லை. நாக்கை நீட்டச் சொல்லவில்லை. ஒரு தகரத் தட்டை என் முன்னால் வைத்தீர்கள்.

"இது என்னங்க?"

"தட்டுங்க."

"அது தெரியுது. தட்டுல?"

"துவரை, அவரை, புளியங்கொட்டை. ஒட்டுக்காக் கலந்து கெடக்குது. தனித்தனியாப் பிரிச்சு வெச்சுருங்க. சோத்தாங்கையிலதான்."

"நான் வைத்தியத்துக்கு வந்தேனா, உங்க சமையக்கட்டுக்கு ஆளா வந்தேனா?"

"ரெண்டுக்கும் இப்ப உங்களால ஆகாதுங்க, ரைட்டரே. மொதல்ல ஒரே ஒரு புளியங்கொட்டையை எடுங்க, பாக்கலாம்."

அன்று முற்பகல் முழுவதும் ஒரு புளியங்கொட்டைக்கும் எனக்கும் நடந்த வழக்கில் புளியங்கொட்டைக்கே தீர்ப்பானது. இடது கையை உதவிக்குக் கொண்டு வந்தபோதெல்லாம் அடிக்கோலால் அதன் மேல் லேசாகத் தட்டினீர்கள். "அந்தக் கை சாட்சிக்கு மட்டுந்தான். வாய் தொறக்கப்படாது" என்றீர்கள். நான் பதிவு ஆபீஸ் வாசலில் பேசுகிற பேச்சை எனக்கே திருப்பிப் பேசுகிற ஒரு மனுஷியை அன்றுதான் பார்த்தேன். சந்தேகம் இன்னும் கூடியது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ டாக்டரம்மா வந்து நின்று பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நீங்கள் அதை எனக்குச் சொன்னீர்கள்: "இடக்கையில கரண்டி புடிச்சுச் சாப்புட்டுப் பழகச் சொல்றாங்க."

"அதுக்குப் பட்டினி கெடந்து செத்துருவேனுங்க."

நீங்கள் அவர் பக்கம் திரும்பி நெடுநேரம் பேசினீர்கள். 'நோ' மட்டும் எனக்குப் பிடிபட்டது. நாலு தடவை வந்தது. அவர் முகம் சிவந்தது. பிறகு என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "இந்த ஊருல ஒரு மனுசனோட ரெண்டு கையும் ஒரே சாதி இல்லீங்கம்மான்னு சொன்னேன். ஒண்ணோட எடத்துக்கு இன்னொண்ணு வர முடியாது. இடக்கையில தின்னா வயிறு ரொம்பும், பக்கத்துல உக்கார ஆளு வராதுன்னேன்." எனக்காக ஒரு வெள்ளைக்காரியிடம் சண்டை போட்டவர் நீங்கள். அதற்கு நான் செய்த கைம்மாறு, அன்று ராத்திரியே பாவாயியிடம், "இந்தம்மா ஏன் நமக்காக இவ்வளவு பேசோணும்? உள்ள என்னமோ இருக்குது" என்று சொன்னதுதான்.

அந்த 'என்னமோ' என்ன என்று மறுநாளே கண்டுபிடித்துவிட்டேன். களி! நோயாளிகளின் வீட்டார் சமைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்ததே, அங்கேயிருந்து பாவாயி கொண்டுவந்த தட்டில் ஒரு களி உருண்டையும் கீரைக் குழம்பும் இருந்தன.

"அரிசிச் சோறு எங்க?"

"டீச்சரம்மா வேண்டாமுன்னுட்டாங்க. கொஞ்ச நாளைக்குக் களிதானாமா."

அரிசி கண்ணில் பட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற காலம் அது. எங்கள் பங்கு அரிசி டப்பாவில் இருந்தது. அதை நான் தின்னவில்லை என்றால் யார் தின்கிறார்கள்? பாவாயியின் முகத்தை உற்றுப் பார்த்தேன். கன்னம் சற்று உப்பியிருந்ததுபோலத் தோன்றியது. நீங்களும் அவளும் புங்கமரத்தடியில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொள்வதும், நான் காலை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் நிறுத்திவிடுவதும் வேறு. இரண்டு பெண்பிள்ளைகள் சேர்ந்து ஒருவனுடைய அரிசியைப் பாகம் பிரிக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கேட்டபோது நீங்கள் சிரிக்கவேயில்லை.

"களி சொன்ன பேச்சுக் கேக்குமுங்க. பிச்சா வரும், உருட்டுனா உருளும், கொழம்புல தோச்சாக் கலையாது. கம்பஞ்சோறு பாதிப் பேச்சுக் கேக்கும். அரிசிச் சோறு திமிரு புடிச்சது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் போகும். ரசஞ்சோறு அதுக்கும் மேல. மோருதான் கடைசிப் பரீச்சை. நீங்க இன்னும் ஒண்ணாங் கிளாசுங்க, ரைட்டரே."

எவ்வளவு நன்றாகச் சோடித்த கதை என்று மனசுக்குள் மெச்சினேன். நம்பவில்லை. ஆனால் அன்று அந்தக் களியில் ஒரு விள்ளலை என் கை எடுத்தது. கட்டை விரலும் இரண்டு விரலும் சேர்ந்து, பிய்த்து, குழம்பில் தோய்த்து, மேலே வந்தன. பாதி மீசைக்குப் போயிற்று. மீதி உள்ளே போயிற்று. நாலு மாசத்துக்குப் பிறகு என் கை எனக்குப் போட்ட சோறு. பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள். மீசையைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கோபப்பட்டேன்.

இரண்டு வாரத்தில் தட்டு தட்டாகப் பருப்புப் பிரித்தேன். துவரையை ஆஸ்பத்திரிச் சமையலுக்கும் புளியங்கொட்டையைத் தறிக்காரர்களுக்குப் பசை காய்ச்சவும் அனுப்புகிறீர்கள், என்னை வைத்து இலவசமாக வேலை வாங்குகிறீர்கள் என்று கணித்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று, மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் கொட்டகை ஜன்னலுக்கு வந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். நான் காலையெல்லாம் உயிரைக் கொடுத்துப் பிரித்த மூன்று குவியலையும் நீங்கள் ஒரே பானையில் கொட்டி, கையை விட்டு நன்றாகக் கிளறிக்கொண்டிருந்தீர்கள்.

டீச்சரம்மா, என் உழைப்பைத் திருடியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. யாருக்குமே வேண்டாத வேலையையா செய்தேன்! நீங்கள் திரும்புகிற மாதிரி இருக்கவே ஜன்னலுக்குக் கீழே சட்டென்று குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்க வராது என்பது நினைவுக்கு வந்தது. வேவு பார்க்க வந்தவன், வேவு பார்க்கப்பட்டவரையே கூப்பிட வேண்டியதாயிற்று.

வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றீர்கள். "நல்லாத்தான் உக்காந்திருக்கீங்க. எதுக்குங்க இங்க?"

"அந்தப் பருப்பை ஏனுங்க கலந்தீங்க?"

"கலக்காட்டி நாளைக்கு எதைப் பிரிப்பீங்க?"

"அப்போ பருப்பு யாருக்குமே வேண்டாமா?"

"பருப்பு யாருக்குங்க வேணும்? வெரலு வேணும். எந்திரிங்க."

"கையக் குடுங்க."

"மாட்டேனுங்க. செவுத்தைப் புடிங்க. நல்ல காலை மொதல்ல ஊணுங்க. தையில பந்தியில தின்னுட்டு எந்திரிக்க மாட்டாம உக்காந்திருந்தீங்கன்னா அதுதான் ஊருப் பேச்சாயிரும்."

தை, பந்தி! நான் உங்களிடம் சொல்லாத விஷயம். அப்படியானால் புங்கமரத்தடிக் குசுகுசு அதுதான். பாவாயி எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். சுவரைப் பிடித்து எழுந்திருக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அவ்வளவு நேரமும் நீங்கள் ஒரு விரலை நீட்டவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று அன்று உங்களுக்குப் பேர் வைத்தேன். அந்தக் கல்லை அவளிடமும் கொடுத்திருந்தீர்கள். நான் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டும்போது பாவாயி கிட்டே வரக் கூடாது என்பது உங்கள் உத்தரவு. ஒரு நாள் காலை, அஞ்சு பித்தானுக்கு வெயில் வாசலிலிருந்து நடுக்கூடம் வரை வந்துவிட்டது. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கதவோரமாக நின்றாள். இவளுக்கு நான் வேடிக்கையாகிவிட்டேன் என்று கடுகடுத்தேன். வெகு நாள் கழித்து அவளே சொன்னாள்: "அழுகுற சத்தம் கேட்டா நீங்க விட்டுருவீங்கன்னு டீச்சரம்மா சொன்னாங்க."

வேட்டி கட்ட நீங்கள் சொன்ன வழி இருக்கிறதே, அதை உங்கள் வாயால் சொல்லாமல் கம்பவுண்டரை விட்டுச் சொல்ல வைத்தீர்கள். ஒரு முனையைச் சுவருக்கும் இடுப்புக்கும் நடுவே நசுக்கிப் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் மறு முனையைச் சுற்றிக் கொண்டுவந்து, வலது கை கடைசிச் சொருகலுக்கு மட்டும். நான் முதலில் தனியாகக் கட்டிய வேட்டி ஆஸ்பத்திரி வாசல் வரை நின்றது. அதற்கு மேல் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் ஐந்தாறு பேர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூட இப்போது நீங்கள் இல்லை.

ஐப்பசியில் கம்பஞ்சோற்றுக்குப் போனேன். கார்த்திகையில் அரிசிச் சோறு. அன்று டப்பாவைத் திறந்து பார்த்தேன். அரிசி அப்படியே இருந்தது, மேலே வேப்பிலை போட்டு. பாவாயியின் கன்னத்தைப் பற்றி நான் எண்ணியதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. நீங்களாவது சொல்லாமல் போனீர்களே, அந்த மட்டும் சந்தோஷம். பிறகு ரசம் வந்தது. வாழையிலையில் ரசம் நாலு திசையும் ஓடியது. நான் அணை போடத் தெரியாமல் விரலால் துரத்திக்கொண்டிருந்தேன்.

"வயலுக்கு வரப்புக் கட்டறவங்க ஊட்டுப் புள்ளைதானுங்க நீங்க? இலையில கட்டத் தெரியாதா?" என்றீர்கள். "சோத்தைச் சுத்திலும் கரையா ஒதுக்குங்க. நடுவுல ரசத்தை வாங்குங்க. ஊறுனதுக்கு அப்புறம் கரையை ஒடைச்சு உள்ள தள்ளுங்க. அவசரப்படாதீங்க. பந்தியில மெதுவாத் தின்னா மரியாதைன்னுதான் நெனைப்பாங்க."

இத்தனைக்கும் பிறகு, மார்கழியில், உங்கள் மேல் இருந்ததிலேயே பெரிய சந்தேகம் வந்தது. நான் ஊருக்குக் கிளம்புகிற வாரம், உங்களை இரண்டு நாள் காணவில்லை. எங்கே என்றேன். "தங்கச்சி ஊட்டுக்கு. எடப்பாடிக்கு" என்றார் கம்பவுண்டர். எடப்பாடி! நான் இந்தக் கையை மறைப்பதே அந்த ஊருக்காகத்தான். அங்கே உங்களுக்குத் தங்கை. அந்தத் தங்கைக்கு ஒரு வாய். அந்த வாய்க்கு ஒரு பக்கத்து வீடு. ஒரு வார்த்தை வழுக்கி விழுந்தால் போதும். திரும்பி வந்த உங்களிடம் நேராகக் கேட்க எனக்குத் துணிவில்லை. "எடப்பாடியில என்ன விசேசமுங்க?" என்று சுற்றி வளைத்தேன். "ஒண்ணுமில்லீங்க, தங்கச்சிக்குப் பிரசவம்" என்றீர்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை. பொய் சொல்கிறவர் கண் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் பார்த்தேன். உங்கள் கண் என் சட்டைக்குப் போயிற்று. "மூணாவது பித்தானை நாலாவது ஓட்டையில மாட்டியிருக்கீங்க" என்றீர்கள்.

தை வந்தது. எடப்பாடிக்காரர்கள் வந்தார்கள். சம்பந்தியாக வரப்போகிறவர் நல்ல உயரம், அகலமான நெற்றி, அதிகம் பேசாதவர். மகன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். பெரிய மனிதர்களின் நடை என்று நினைத்தேன். வந்ததும் என்னைத் தனியாக ஒதுக்கி, குரலைத் தாழ்த்தி, "உக்காரச் சிரமம் இல்லீங்களே? மெத்தைப் பலகை போடச் சொல்லட்டுங்களா?" என்றார். மூலம் எடப்பாடி வரைக்கும் போயிருந்தது. "இப்பத் தேவலைங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

யுத்தக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து சின்னப் பந்திதான். கூடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. எனக்கு நேர் எதிரில் சம்பந்தி. இலை போட்டார்கள். பருப்புச் சோறு சொன்ன பேச்சுக் கேட்டது. சாம்பார் வந்தது, சமாளித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். சம்பந்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா அல்ல, இமை கொட்டாமல். நான் விரலை மடக்கினால் அங்கேயே. வாய்க்குக் கொண்டுபோனால் அங்கேயே. தெரிந்துவிட்டது, டீச்சரம்மா சொல்லிவிட்டார், தங்கை சொல்லிவிட்டாள், இந்த மனிதர் என்னைப் பரீட்சை பார்க்கவே வந்திருக்கிறார் என்று, பிசைந்த சோற்றையே இன்னொரு தடவை பிசைந்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் சரசுவின் பாவாடை நுனி தெரிந்தது. அவளும் என் கையைத்தான் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

ரசம் வந்தது. கரை கட்டினேன். நின்றது. ஊறட்டும் என்று காத்திருந்தேன். பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்கே போய்விட்டார். நான் காத்திருந்தேன். கரையை உடைத்து உள்ளே தள்ளி, பிசைந்து, அள்ளி, வாயில் வைத்தேன். எதிரே அந்தக் கண்கள். பிறகு மோர். என் வாழ்நாளில் எத்தனையோ கட்சிக்காரர்களை ரிஜிஸ்திரார் முன்னால் நிற்க வைத்திருக்கிறேன். மோர்ச் சோற்றின் முன்னால் நான் நின்ற மாதிரி ஒருவனும் நின்றதில்லை. ஒரு கை, இரண்டு கை, மூன்று கை. நாலாவது கையில் சுண்டு விரல் ஏமாற்றிவிட்டது. மோர் மணிக்கட்டில் ஓடி வேட்டியில் சொட்டியது. சம்பந்தி முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "மோரு நல்லாக் கடைஞ்சிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். நல்ல காலை ஊன்றி, ஒரு கையையும் எதிர்பார்க்காமல் எழுந்தேன். வெற்றிலை மாற்றினோம். நிச்சயம் ஆயிற்று.

மாசியில் வெற்றிலை பழத்தோடு உங்களிடம் வந்தேன். சண்டை போடத்தான் வந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எடப்பாடியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் ஒரு பொம்பளைக்குத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"ரசம்?"

"ஆச்சுங்க."

"மோரு?"

"ஆச்சுங்க."

"சிந்துச்சா?"

"ஒரு கை."

"எனக்கே சிந்துமுங்க" என்றீர்கள். குடம் வைத்திருந்தவளிடம் திரும்பி, "பாத்தியா கண்ணு, இவரு வந்தப்ப ஒரு புளியங்கொட்டைக்கு அழுதவரு" என்றீர்கள். நான் அழவில்லை என்று மறுத்தேன். வாதாடிக்கொண்டே இருந்ததில் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. பிறகு கேட்கவே இல்லை. நீங்கள் எடப்பாடியில் ஒரு வார்த்தை பேசினீர்களா, இல்லையா? பேசியிருக்க மாட்டீர்கள் என்று எண்பது பங்கு நம்புகிறேன். மீதி இருபதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செத்தவர்களைக்கூடச் சந்தேகப்படுகிற தரித்திரம் இது.

ஆனால் ஒன்று உங்களால் மாறியது. பதிவு ஆபீசில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கைநாட்டு வைக்க வருகிறவர்களின் கட்டை விரலை வெடுக்கென்று பிடித்து மையில் அழுத்தி, காகிதத்தில் உருட்டி, விட்டுவிடுவது எங்கள் வழக்கம். நானும் இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் செய்தேன். இப்போது கை நடுங்குகிற கிழவனோ கிழவியோ வந்தால் மைப்பெட்டியை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டுச் சும்மா இருக்கிறேன். அவர்களே விரலைக் கொண்டுவர வேண்டும், அவர்களே வைக்க வேண்டும். பின்னால் வரிசை கத்துகிறது. "ஏனுங்க ரைட்டரே, புடிச்சு அழுத்துனா ஆகாதா?" என்கிறார்கள். என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்கிறேன். கல் நெஞ்சுக்காரன் என்று பேர் வந்துவிட்டது. உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று யாரிடமும் சொல்வதில்லை.

இன்னும் ஒன்றையும் உங்களிடம் சொல்லவில்லை. எத்தனையோ தடவை அந்தச் சாலையில் பஸ்ஸில் போயும், இறங்கி வந்து சொல்ல மனம் வரவில்லை. சரசு கல்யாணமாகி முதல் ஆடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவளுடைய மாமனாருக்கு நிச்சயத்துக்கு இரண்டு வருஷம் முன்பே இரண்டு கண்ணிலும் புரை. பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் இடம் தவறிவிடும் என்று மறைத்தார்களாம். அன்றைக்குப் பந்தியில் தன் இலை எது என்றே அவருக்குத் தெரியாதாம்.